கிளிஞ்சல் சுவரேறிய வழி

பழவேற்காட்டு ஏரியில் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடங்களில் மட்டி வளர்கிறது. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் கொண்டுவந்து சேர்க்கும் நீரில் கரைந்திருக்கும் சுண்ணச்சத்தை உறிஞ்சி, தன் உடம்பைச் சுற்றி இரண்டு மூடிகளாக ஓடு கட்டிக்கொள்கிறது. மட்டி செத்தால் சதை கரைந்துபோகும், ஓடு கரையாது. சேற்றில் அமிழ்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஏரியின் அடியில் பாளம் பாளமாகக் கிடக்கும். அதைத்தான் கிளிஞ்சல் என்கிறோம். தமிழ்நாட்டின் கடலோர ஊர்களில் சுண்ணாம்புச் சுவரில் தீட்டிய பழைய சித்திரங்கள் பலவற்றின் பிறப்பு இப்படி ஓர் உப்பங்கழியின் சேற்றில்தான்.

நான் வேப்பம்பட்டில் குடியிருக்கிறவன். சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பழவேற்காடு எங்கள் மாவட்டத்தின் கிழக்குக் கோடி. தென்மேற்கே கொஞ்ச தூரம் போனால் காஞ்சிபுரம், அங்கே ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயில். சுண்ணாம்பு விளைகிற ஏரிக்கும் சுண்ணாம்பின்மேல் சித்திரம் எழுதிய கோயிலுக்கும் இடையில் வாழ்கிறவனுக்கு, சுவரோவியம் என்றதும் முதலில் பூச்சுதான் நினைவுக்கு வருகிறது. நம் ஓவிய வரலாற்று நூல்கள் கோட்டைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. அடியில் இருக்கும் வெள்ளைப் பூச்சுக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது. ஓவியம் பிழைப்பதும் உதிர்வதும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அதனால் கிளிஞ்சலைப் பின்தொடர்ந்து போகலாம் என்று நினைத்தேன்.

சுண்ணாம்புக்கு நம் நாட்டில் இரண்டு தாய்வீடு. உள்நாட்டில் வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் கிடைக்கும் சுக்காங்கல் ஒன்று, கடலோரத்தில் கிளிஞ்சல் இன்னொன்று. கல் சுண்ணாம்பில் மண்ணும் களிமண்ணும் கலந்திருக்கும். கட்டுமானக் காரைக்கு அது பலம், ஆனால் நிறம் மங்கல். கிளிஞ்சல் சுண்ணாம்பு ஏறக்குறைய கலப்பில்லாதது, வெள்ளை வெளேரென்று இருக்கும். வெற்றிலைக்குத் தடவுவதற்கும், சுவரின் கடைசிப் பூச்சுக்கும், சுதைச் சிற்பத்தின் முகத்துக்கும் கிளிஞ்சலையே தேடியதற்குக் காரணம் இதுதான்.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் ஏரிக்கரையை ஒட்டி சுண்ணாம்புக்குளம் என்றே ஓர் ஊர் உண்டு. ஏரியிலிருந்து எடுத்த கிளிஞ்சலின் அடுத்த நிலை காளவாய். வட்டமாகக் கட்டிய சிறு அடுப்பில் ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு கிளிஞ்சல் என்று மாற்றி மாற்றி நிரப்பி, கீழே துருத்தியால் காற்று ஊதுவார்கள். உள்ளே வெப்பம் 900 டிகிரி செல்சியசை நெருங்கும்போது ஓட்டிலிருக்கும் கரியமில வாயு பிரிந்து வெளியேறும். 100 கிலோ கிளிஞ்சல் போட்டால் 56 கிலோதான் திரும்ப வரும், 44 கிலோ ஆகாயத்துக்குப் போய்விடும். உருவம் மாறாது, ஓடு ஓடாகவேதான் இருக்கும். கையில் எடுத்தால் எடையில்லை, விரலால் நசுக்கினால் பொடி. இந்த நிலையில் அது பசித்திருக்கிறது என்பார்கள் கொத்தனார்கள். தண்ணீர் எங்கே கிடைத்தாலும் பிடுங்கிக் குடிக்கும், கை ஈரத்தைக்கூட விடாது.

தமிழர் நினைவில் காளவாய்க்கு ஒரு பெரிய கதை உண்டு. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள் அடைத்துவைத்ததாகவும், அவர் உள்ளிருந்து பதிகம் பாடி ஊனமில்லாமல் வெளியே வந்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது. அந்த மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். இதே மகேந்திரவர்மன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குகைக்கோயில் குடைந்து, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதையும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் ஆலயம் எடுத்ததாகக் கல்லில் வெட்டிவைத்தான். சுண்ணாம்பைத் தள்ளிவைத்ததைப் பெருமையாகச் சொன்ன அரசன், தனக்கு வைத்துக்கொண்ட பட்டங்களில் ஒன்று சித்திரகாரப்புலி. ஓவியரில் புலி என்று சொல்லிக்கொள்கிறவன் சுண்ணாம்பை எத்தனை நாள் தள்ளிவைக்க முடியும்? பாறையில் கோயில் குடையச் சுண்ணாம்பு வேண்டாம், பாறையில் சித்திரம் நிற்க வேண்டுமானால் சுண்ணாம்புதான் வழி. அவனுடைய வழியில் வந்த ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சி கைலாசநாதரை மணற்கல்லில் எழுப்பியபோது, உள்ளும் புறமும் வெள்ளைச் சுதை பூசித்தான் வண்ணம் ஏற்றினார்கள்.

காளவாயிலிருந்து வந்த கிளிஞ்சல் அடுத்துத் தண்ணீரில் இறங்குகிறது. இதை நான் கிட்ட நின்று பார்த்தது எங்கள் ஊரிலேயே ஒரு சிறிய அம்மன் கோயில் திருப்பணியில். கோபுரத்துச் சுதைப் பொம்மைகள் சிலவற்றுக்கு மூக்கும் கையும் உடைந்திருந்தன. பழுது பார்க்க காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வயதான மேஸ்திரி ஒருவர் வந்திருந்தார். சிமெண்ட் மூட்டைகள் ஒரு பக்கம் அடுக்கியிருக்க, அவர் தனியாகச் செங்கல்லால் ஒரு தொட்டி கட்டி, அதில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சில நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓடுகள் ஒவ்வொன்றாக வெடித்தன. தண்ணீர் தானாகக் கொதித்தது. அடுப்பில்லை, நெருப்பில்லை, ஆவி மட்டும் தொட்டியிலிருந்து மேலெழுந்தது.

"கிட்ட வராதீங்க சார், தெறிக்கும். கண்ணுல பட்டா கண்ணு போயிடும்" என்றார்.

"எத்தனை நாள் ஊறணும் மேஸ்திரி?"

"அது கேக்கறவங்களப் பொறுத்து சார். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சிட்டு வந்து கேட்டா பத்து நாள். குறிக்காம கேட்டா ஒரு மழைக்காலம்."

அவர் சொன்னதில் வேதியியல் முழுவதும் இருந்தது. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியிலேயே வைத்திருந்தால் அதன் துகள்கள் நாளாக ஆகச் சிறுத்துக்கொண்டே போகும், கலவை வெண்ணெய் போல் குழையும். சரியாக நீறாத ஒரு பொடிக்கல் உள்ளே தங்கிவிட்டால், பூச்சு காய்ந்து பல மாதம் கழித்து அது ஈரம் குடித்து வீங்கி, அந்த இடத்தில் மட்டும் வட்டமாகப் பொரிந்து விழும். ஒரு முகத்தின் கன்னத்தில் அப்படி விழுந்தால் ஓவியரின் கை எவ்வளவு தேர்ந்ததானாலும் பயனில்லை. மேஸ்திரி ஒரு குச்சியால் அடிவரை கிளறி, கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் ஆகவில்லை, வழுக்கி இறங்கினால் பக்குவம். இன்னொரு அண்டாவில் கடுக்காயை நசுக்கி ஊறப்போட்டிருந்தார், தண்ணீர் கறுத்திருந்தது. பக்கத்தில் வெல்லம் கரைத்த குடம். கடுக்காய் பூச்சை இறுக்கும், வெல்லம் வெடிப்பு விடாமல் பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய கணக்கு. முகம் செய்வதற்கான சுண்ணாம்பை மட்டும் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டி எடுத்துத் தனியாக வைத்தார்.

இந்தக் கணக்கு அவர் கண்டுபிடித்ததல்ல. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர் 1732-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில், மதராசில் சிறந்த காரை தயாரிக்கும் முறை பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். சலித்த மணல், சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய், பயறு வேகவைத்த நீர், மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர். பெயர் தெரியாத மதராஸ் கொத்தனார்களின் சமையல் அப்படிக் கடல் கடந்து அச்சேறியது. பதினாறாம் நூற்றாண்டில் கேரளத்தில் ஸ்ரீகுமாரர் எழுதிய சில்பரத்தினமும் சுட்ட சங்கையும் பயற்றுக் கஷாயத்தையும் வெல்லத்தையும் சேர்த்தே சுவருக்குப் பூச்சு சொல்கிறது.

இப்போது சுவர். தரைப்பூச்சு கரடுமுரடாக, மணல் கலந்தது. அது உலர்வதற்குள் மேலே மெல்லிய பூச்சு, சில மில்லிமீட்டர் கனம். வழவழப்பான கல்லால் தேய்த்துச் சமன் செய்ததும் ஓவியர் சாரத்தில் ஏறுகிறார். இங்கேதான் கிளிஞ்சலின் பயணத்தில் அரிய திருப்பம் நிகழ்கிறது. ஈரப்பூச்சின்மேல் தண்ணீரில் மட்டும் குழைத்த வண்ணத்தை வைத்தால், பூச்சு உலரும்போது சுண்ணாம்பு மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உள்வாங்கி மறுபடியும் சுண்ணக்கல்லாக இறுகுகிறது. வண்ணத்துகள் அந்தக் கல்லுக்குள்ளேயே சிறைப்படுகிறது. பசை தேவையில்லை. காளவாயில் இழந்த அந்த 44 கிலோவைக் கிளிஞ்சல் சுவரில் ஏறிய பிறகு காற்றிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஏரியில் ஓடாக இருந்தபோது எந்தப் பொருளோ, ஓவியமாக நிற்கும்போதும் அதே பொருள்.

இந்த இறுக்கத்துக்கு ஓவியர் கொடுக்கும் விலை அவசரம். பூச்சு ஈரமாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் கோடும் நிறமும் முடிய வேண்டும். திருத்தம் கிடையாது. வண்ணங்களிலும் சுண்ணாம்பு தேர்ந்தெடுக்கிறது. அதன் காரத்தைத் தாங்குபவை செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், விளக்குக்கரி, சுண்ணாம்பு வெள்ளை போன்றவைதான். பூவிலும் இலையிலும் பிழிந்த சாயங்களில் பலவற்றை அது தின்றுவிடும். நம் பழைய சுவர்களில் காவியும் பச்சையும் மஞ்சளும் திரும்பத் திரும்ப வருவதை ஓவியரின் ரசனை என்று மட்டும் பார்க்கிறோம். சுண்ணாம்பு அனுமதித்த நிறங்கள் அவை, அந்த அனுமதிக்குள் நின்று அவர்கள் அடைந்த ஆழத்தைப் பார்க்கும்போது என் மதிப்பு இன்னும் கூடுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதைச் சோதனைச்சாலையில் நிறுவியவர் எஸ். பரமசிவன். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்து, 1930களில் தஞ்சை, காஞ்சி, சித்தன்னவாசல் சுவர்ப்பூச்சுகளின் துணுக்குகளை ஆராய்ந்து, தஞ்சைச் சோழர் ஓவியம் ஈரப்பூச்சில் எழுதியது என்று அவர் முடிவுக்கு வந்தார். பூச்சுக்குள் வேறு பொருள்களும் இருக்கின்றன என்று பிற்காலத்து ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். விவாதம் நடக்கட்டும், நல்லதுதான். ஓவிய வரலாற்றில் பூச்சைக் கேள்வி கேட்கும் பழக்கத்தைத் தொடங்கிவைத்த மனிதரை நாம் இன்னும் அதிகமாக நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அவருக்குத் தஞ்சை, காஞ்சித் துணுக்குகள் கிடைத்ததே 1931 என்ற ஓர் ஆண்டின் கொடை. அந்த ஆண்டில்தான் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் காஞ்சி கைலாசநாதரின் திருச்சுற்றுச் சிறு சன்னதிகளில் பிற்காலப் பூச்சுக்கு அடியில் பல்லவர் வண்ணத்தைக் கண்டார். அதே ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்து வேறோர் ஓவியம் எட்டிப்பார்ப்பதைக் கண்டார். 1010-இல் நிறைவேறிய கோயிலின் சொந்த ஓவியம் அது. சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் கூடவே வருகிறார், முப்புரம் எரிக்க ஈசன் வில்லோடு நிற்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் இதன்மேல் ஒரு சுண்ணாம்புப் பூச்சு ஏற்றி நாயக்கர் கால ஓவியர்கள் புதிதாக எழுதியிருந்தார்கள். மூடிய பூச்சே முந்நூறு ஆண்டுக்குக் கவசமாகவும் ஆனது.

சித்தன்னவாசலைப் பற்றி ஒரு வார்த்தை. அங்குள்ள குகைக்கோயிலின் தாமரைக்குள ஓவியத்தை ஒருகாலத்தில் மகேந்திரவர்மன் பணி என்றே சொல்லிவந்தார்கள், சித்திரகாரப்புலி என்ற பட்டம் அந்த அளவுக்கு இழுத்தது. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அந்தக் குகைக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் பாண்டியர் காலக் கல்வெட்டு அங்கேயே கிடைத்தபிறகு, இன்று நாம் பார்க்கும் ஓவியத்தை ஒன்பதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆசியாவின் பெரும்பகுதியில் சுவரோவியத்துக்கு அடி மண்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அஜந்தாவில் மண்ணோடு உமியும் நாரும் பிசைந்து பாறையில் அப்பி, மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுத்தார்கள். சீனத்துத் துன்ஹுவாங் குகைகளில் களிமண்ணும் வைக்கோலும். வறண்ட இடங்களிலும் மழை எட்டாத குகைகளிலும் மண் நிற்கும். மழையும் உப்புக்காற்றும் அடிக்கும் தெற்கில் அது பிழைக்காது, எனவே இங்கே சுண்ணாம்பு. கேரளத்துக் கோயில் ஓவியர்கள் சுவருக்கு மணல் கலந்த பூச்சு கொடுத்தபின், சுண்ணாம்பை இளநீரில் குழைத்து இருபத்தைந்து முப்பது முறை வரை மேலே மேலே அடிப்பார்கள். அதன்பிறகுதான் மஞ்சள் கோட்டில் உருவம் இறங்கும்.

தாய்லாந்தில் நிலைமை நேர்மாறு. பாங்காக்கின் வாட் பிரா கேவ் கோயிலின் திருச்சுற்று முழுக்க அவர்களுடைய ராமாயணமான ராமகியனை 178 பகுதிகளாக எழுதியிருக்கிறார்கள். தாய்லாந்து ஓவியர்களுக்குச் சுண்ணாம்பின் காரம் எதிரி. மஞ்சள் கொன்றை இலையை இடித்து ஊறவைத்த நீரால் சுவரை நாள்கணக்கில் கழுவிக் காரத்தை இறக்குவார்கள். இறங்கிவிட்டதா என்று பார்க்க மஞ்சள் கிழங்கால் சுவரில் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு சிவந்தால் இன்னும் கழுவ வேண்டும், மஞ்சளாகவே நின்றால் ஓவியம் தொடங்கலாம். நம் வீட்டில் ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் தட்டு சிவக்கிறதே, அதே வினைதான் அங்கே ஓவியருக்கு உத்தரவு தருகிறது. கழுவிய சுவரில் புளியங்கொட்டைப் பசையில் குழைத்த வெள்ளைக் களிமண் பூசி, உலர்ந்த பரப்பில் நிதானமாக எழுதுவார்கள். அதனால் அவர்களுக்கு நுணுக்கம் கிடைக்கிறது, தங்கத் தகடு ஒட்ட முடிகிறது. ஈரம் ஏறினால் மட்டும் சுவர் சீக்கிரம் கைவிடும். வாட் பிரா கேவ் ஓவியங்களைத் தலைமுறைக்குத் தலைமுறை புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள்.

கிளிஞ்சல் கோயிலை விட்டு வெளியே வந்தது மதராஸ் பட்டணம் வளர்ந்தபோது. 1806-இல் பேசில் காக்ரேன் மதராசிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய் பிறகு பழவேற்காடு வரை நீண்டு, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. உப்பும் சவுக்கு விறகும் கிளிஞ்சலும் அதன் படகுகளில் பட்டணத்துக்குப் போயின. கோட்டைக்குள்ளும் மவுண்ட் ரோடு பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் செங்கல் தூண்களுக்குக் கிளிஞ்சல் பூச்சு பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். பளிங்கு என்று நம்பிய வெள்ளைக்காரப் பயணிகள் பலர். அந்தப் பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணம் என்றே உலகத்தில் பெயர். அதில் சித்திரம் இல்லை. கோயிலில் ஓவியத்துக்குப் படுக்கையாக இருந்த பரப்பு இங்கே தானே அலங்காரமாகிவிட்டது. கொத்தனாருக்கு வேலை பெருகியது, ஓவியருக்கு இடம் போனது.

1904-இல் அடுத்த மாற்றம். சௌத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற நிறுவனம் மதராசில் கடற்கிளிஞ்சலைக் கொண்டு போர்ட்லண்ட் சிமெண்ட் தயாரித்துப் பார்த்தது. இந்தியாவில் சிமெண்டுக்கான தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. அது நிலைக்கவில்லை, 1914-இல் போர்பந்தரில்தான் தொழில் வேர்பிடித்தது. ஆனாலும் கிளிஞ்சலுக்குப் போட்டியாக வந்த பொருளின் முதல் பிடிகளில் ஒன்று கிளிஞ்சலிலிருந்தே பிசைந்தது என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

சிமெண்ட் கட்டடத்துக்கு நல்லது. பழைய ஓவியச் சுவருக்குக் கெடுதல். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளை உண்டு, சுவருக்குள் ஏறிய ஈரம் அதன் வழியாக மெல்ல வெளியேறும். அதன் பக்கத்திலேயே சிமெண்டால் ஒட்டுப்போட்டால் ஈரத்துக்கு அந்த வழி அடைபட்டு, அது ஓவியம் இருக்கும் பக்கமாகத் திரும்பும். சிமெண்டிலிருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். மேற்பரப்பில் ஈரம் காய்ந்ததும் உப்பு பூக்கும், பூக்கும் உப்பு வண்ணத்தைப் பிளந்து தள்ளும். கும்பாபிஷேகத்துக்காகச் சுவர் முழுக்க எனாமல் பெயிண்ட் அடிக்கும்போதும் இதே கதை. பளபளப்பு ஒரு வருடம், பிறகு தோல் தோலாக உரிதல். கூடவே நிலக்கரிப் புகை. கந்தகம் கலந்த புகை ஈரத்தோடு சுண்ணாம்புப் பரப்பில் படிந்தால் சுண்ணக்கல் ஜிப்சமாக மாறி உப்பிக் கறுக்கும். எண்ணூர் அனல்மின் நிலையங்களுக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் பக்கத்தில் வாழ்கிற நாங்கள் இதை ஏட்டுச் செய்தியாக மட்டும் படிக்க முடியாது.

ஓவியத்துக்கு அதிகக் கெடுதல் செய்ததும் சுண்ணாம்பேதான் என்பதை மறைக்கக் கூடாது. திருவிழாவுக்கு முன் கோயிலுக்கு வெள்ளையடிப்பது பக்தி. வாளியும் மட்டையுமாக ஏறுகிறவருக்குச் சுவரில் மங்கிக் கிடப்பது அழுக்கா அழகா என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மதுரை மீனாட்சி கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியிருந்த திருவிளையாடல் ஓவியங்கள் அழிந்துபோனதை அறிந்தவர்கள் இன்றும் ஆற்றாமையோடு பேசுகிறார்கள். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், 1387-இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் பெயர்க்குறிப்போடு வரிசையாக ஓடுகின்றன. டி. என். ராமச்சந்திரன் 1934-இல் வெளியிட்ட நூலில் அவற்றை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். விதானம் என்பதால் மட்டை எளிதில் எட்டவில்லை, ஆனால் கூரையின் வழியாக மழை எட்டியது. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதையை எழுதியவர் சிங்காதனம். தன் பெயரைச் சுவரிலேயே எழுதிவைத்த அரிய ஓவியர். அந்த விதானத்தை அண்மைக் காலத்தில் சுத்தம் செய்து காத்தபிறகு, வானவர் ஊர்வலத்தில் ஒவ்வொரு முகமும் தெரிகிறது. திருவாரூர் போகிறவர்கள் தேர் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அந்த மண்டபத்தையும் கேட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

தஞ்சையில் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு செய்தது இன்னும் துணிச்சலான காரியம். சோழர் ஓவியத்தின்மேல் இருந்த நாயக்கர் ஓவியங்களைப் பூச்சோடு சேர்த்துத் தோல் உரிப்பதுபோல் பிரித்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகையில் ஏற்றி, கோயில் வளாகத்துக் காட்சிக்கூடத்தில் வைத்தார்கள். கீழே இருந்ததும் பிழைத்தது, மேலே இருந்ததும் பிழைத்தது. சேற்றிலும் காளவாயிலும் தொட்டியிலும் சுவரிலும் இருந்துவந்த சுண்ணாம்பு, சுவரே இல்லாமல் நிற்கக் கற்றுக்கொண்டது.

இன்றைய பொதுச்சுவர்களின் கதை வேறு. சென்னை கண்ணகி நகரில் 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் பக்கச்சுவர்களில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய முகங்களை எழுத வைத்தது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் முகப்பில் ஓவியர் ஏ-கில் எழுதிய மனித முகங்களை வழியில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். தன் தெருவில் வாழ்கிறவரின் முகம் தெய்வத்தின் அளவுக்குச் சுவரேறியிருப்பதை நான் மனதார வரவேற்கிறேன். கீழே சிமெண்ட், மேலே அக்ரிலிக். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். வெயிலில் வெளுத்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம், அந்தக் கலையின் ஒப்பந்தமே அதுதான். அதே பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்புச் சுவருள்ள கோயிலுக்குள் போவதைத்தான் நிறுத்த வேண்டும்.

சுண்ணாம்புச் சுவரில் வேலை செய்ய ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. குருவாயூர்க் கோயில் 1970 தீவிபத்தில் சுவரோவியங்களை இழந்தபோது, மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயரும் அவருடைய தோழர்களும் அவற்றைத் திரும்ப எழுதினார்கள். அந்த வேலையின் தொடர்ச்சியாக 1989-இல் அங்கே சுவரோவியக் கல்விக்கூடமே தொடங்கியது. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசுக் கட்டட, சிற்பக் கலைக் கல்லூரி இருக்கிறது. கோபுரங்களில் சுதை செய்யும் கைகள் காஞ்சியிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. குறைவது கால அவகாசம். கும்பாபிஷேகத் தேதி முதலில் வருகிறது, வேலை அதற்குள் அடங்க வேண்டியிருக்கிறது, ஊறுவதற்கு நேரமில்லாத சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்ட் பிடித்துக்கொள்கிறது.

கிளிஞ்சலுக்காக ஏரியைத் தோண்டலாம் என்று நான் சொல்லமாட்டேன். பழவேற்காடு பறவைகள் சரணாலயம், மீனவர்களின் வயிறு, மட்டிக்கும் இறாலுக்கும் பிறந்த வீடு. ஏரியின் அடியைச் சுரண்டியது தொழிற்சாலைத் தேவை. ஓவியத்துக்கு வேண்டியதோ சில மில்லிமீட்டர் கனத்துக்கான மேல்பூச்சு, ஒரு மண்டபத்துக்குச் சில மூட்டை. கடலோரத்தில் மட்டிக்கறி சமைக்கும் வீடுகளில் குப்பைக்குப் போகும் ஓட்டைச் சேர்த்தாலே அது வந்துவிடும். ஓவியம் உள்ள ஒவ்வொரு கோயிலின் திருப்பணி மதிப்பீட்டிலும், சிமெண்டுக்கும் பெயிண்டுக்கும் முன்னால், கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றித் தொட்டியில் ஊறவைக்க என்று ஒரு வரியும் அதற்கு மூன்று மாத அவகாசமும் எழுதட்டும். தேதி குறிப்பது அதற்குப் பிறகு நடக்கட்டும்.